அட்டை முன்னே, பணம் பின்னே

"எந்த சைட்டுல போட்டா ஸ்காலர்ஷிப் வரும் தம்பி?" என்று கேட்டார் அக்கா. காட்டூர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு நிமிஷம் ஆகவில்லை. பக்கத்தில் மகள், மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் அவள் படிப்பு மொத்தமும். பிளஸ் டூ முடித்துவிட்டாள். பொன்னேரி அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இடம் கிடைத்திருக்கிறது. பிறவியிலேயே இடது கால் சூம்பியது. காலிப்பர் போட்டு நடக்கிறாள்.

"சைட்டை அப்புறம் பாக்கலாம்க்கா. முதல்ல பொண்ணோட யூடிஐடி அட்டையை, அதான் மாற்றுத்திறனாளி அட்டையை, எடுங்க."

மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்னென்ன உதவித்தொகை இருக்கிறது என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்தால் எல்லோருக்கும் திருப்திதான். வாட்ஸ்அப்பில் அப்படிப்பட்ட பட்டியல்கள் நிறையவே சுற்றுகின்றன. ஆனால் இந்தப் பக்கத்துக் குப்பங்களில் நான் பார்த்தவரை, திட்டத்தின் பெயர் தெரியாமல் பணம் போனவர்கள் குறைவு. பெயர் தெரிந்து, விண்ணப்பமும் போட்டு, அட்டையில் தேதி முடிந்துபோனதாலோ பாஸ்புக்கில் ஓர் எழுத்து மாறியதாலோ திரும்பி வந்தவர்கள்தான் அதிகம். அதனால் நான் எப்போதும் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அட்டையில் பார்க்க வேண்டியது மூன்று: சதவீதம், செல்லுபடியாகும் தேதி, பெயர்.

சதவீதம் என்பது மருத்துவக் குழு போடுகிற கணக்கு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொள்கிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் ஏழுதான் இருந்தது. இன்று தலசீமியா, ஹீமோபிலியா, கற்றல் குறைபாடு, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் உள்ளே வந்துவிட்டார்கள். பட்டியல் நீண்டாலும் வாசற்படி ஒன்றே: 40 சதவீதம். கல்லூரியில் ஒதுக்கீடு வேண்டுமா, மத்திய அரசின் உதவித்தொகை வேண்டுமா, அட்டையில் 40 இருக்க வேண்டும். அதற்குக் கீழே என்றால் அட்டை வெள்ளை நிறத்தில் வரும். 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். வெள்ளை அட்டை இருந்தும் உதவித்தொகை இல்லை என்று கேட்டு நொந்துபோகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த 40 என்ற கோடு எனக்குப் பிடித்தமானதல்ல. ஒரு கண்ணை முழுதாக இழந்து, மறு கண் நன்றாக இருந்தால், வழிகாட்டு விதிப்படி 30 சதவீதம். காதுக்கும் அப்படித்தான்: இரண்டு காதுகளையும் சேர்த்துக் கணக்கிடும்போது நன்றாகக் கேட்கும் காதுக்கு ஐந்து பங்கு, கேட்காத காதுக்கு ஒரு பங்கு. ஒரு பக்கம் சுத்தமாகக் கேட்காத பையன் வகுப்பில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் பாடம் கேட்கும் என்று ஒவ்வொரு நாளும் யோசிப்பான். காகிதத்தில் அவனுக்கு இருபதுகூடத் தேறாது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பது புரிகிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கு ஒன்றுமே இல்லை என்பதுதான் புரியவில்லை. போட்ட சதவீதம் தவறு என்று பட்டால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. குழுவிடம் போய் வாக்குவாதம் செய்வதைவிட அது மேல்.

மகளின் அட்டை மஞ்சள். சதவீதம் போதுமானது. தேதியைப் பார்த்தேன். அட்டை அவளுடைய எட்டாம் வகுப்பில் எடுத்தது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் சான்று பல நேரங்களில் தற்காலிகச் சான்றாகத்தான் இருக்கும். வளரும் உடம்பு, மாறலாம் என்பதற்காகச் சில வருஷத்துக்கு மட்டும் எழுதுவார்கள். சரியாகப் பிள்ளை கல்லூரிக்குப் போகிற வருஷம் அது முடிந்து நிற்கும். இதை யாரும் வீடு தேடி வந்து சொல்வதில்லை. இவளுக்குச் சில மாதங்கள் பாக்கி இருந்தது; அதற்குள் மறுபரிசோதனைக்குப் பதிவு செய்துவிட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பிள்ளை பள்ளியில் இருக்கும்போதே இதைச் செய்தால் சுலபம். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வட்டார அளவில் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடத்துகிறார்கள். எலும்பு, காது, கண், மனநலம் என்று டாக்டர்கள் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். நமக்கு மீஞ்சூர் ஒன்றியம். அதை விட்டுவிட்டால் திருவள்ளூருக்குப் பேருந்து மாறி மாறிப் போக வேண்டும். ஒரு நாள் கூலி போகும், சில நேரம் "இன்னிக்கு எலும்பு டாக்டர் இல்ல, அடுத்த வாரம் வா" என்ற பதிலோடு இரண்டு நாள் கூலி.

"அப்போ இது தலைக்கட்டுல பேரு சேக்கிற மாதிரி" என்றார் அக்கா. "பேரு இருந்தாத்தான் பாட்டுக்குச் சீட்டு."

பழவேற்காட்டு ஏரியைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களைப் பட்டினவர் ஊர்கள் பாடு என்ற முறையில் பங்கு பிரித்துக்கொள்கின்றன. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகிய ஊர்களின் பாட்டைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகளே இருக்கின்றன. தலைக்கட்டில், அதாவது ஊர்க் கணக்கில், பெயர் இல்லாதவனுக்கு எவ்வளவு நல்ல வலை இருந்தாலும் முறை வராது. நான் இவ்வளவு நேரம் சொன்னதை அக்கா ஒரு வரியில் முடித்துவிட்டார். டீயும் வந்தது.

அடுத்தது பெயர். கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து பெஞ்சின் மேல் வரிசையாக வைக்கச் சொன்னேன். டிசியில் இனிஷியல் முன்னால். ஆதாரில் இனிஷியல் பின்னால். யூடிஐடியில் இனிஷியலே இல்லை, பெயரின் நடுவில் ஒரு 'ஹெச்' கூடுதலாக விழுந்திருக்கிறது. பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுதாகச் சேர்ந்து நீளமாக நிற்கிறது. நம் ஊரில் இதெல்லாம் ஒரே பெண் என்று போஸ்ட்மேனுக்குக்கூடத் தெரியும். கணினிக்கு இவர்கள் நான்கு பேர்.

தேசிய உதவித்தொகைத் தளத்தில் 2024-25 கல்வியாண்டிலிருந்து ஒருமுறைப் பதிவு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆதாரை வைத்து, செல்போன் கேமராவில் முகத்தைக் காட்டிப் பதிந்தால் ஓர் எண் வரும். அதற்குப் பிறகு எந்தத் திட்டத்துக்குப் போட்டாலும் அந்த எண்தான். ஆக, ஆதாரில் உள்ள பெயரே அடிப்படை. மற்றதையெல்லாம் அதற்கு ஒத்துவரச் செய்ய வேண்டும். ஆதாரிலேயே பிழை என்றால் முதலில் அதைத் திருத்திவிட்டு அப்புறம் யூடிஐடியைத் திருத்துவது நல்லது. தலைகீழாகச் செய்தால் இரண்டு முறை அலைச்சல்.

வங்கிக் கணக்கில் இன்னொரு கண்ணி. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பிள்ளை பெயரில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு திறந்திருப்பார்கள். அது மைனர் கணக்கு. 18 ஆனதும் மேஜர் கணக்காக மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், வரவு செலவும் இல்லாமல் இருந்தால், முடங்கிக் கிடக்கும். அரசுப் பணம் இப்போது கணக்கு எண்ணைப் பார்த்துப் போவதில்லை, பெரும்பாலும் ஆதாரைப் பார்த்துப் போகிறது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கை இணைத்தோமோ அதில்தான் விழும். போஸ்ட்மேன் வந்து கைரேகை வாங்கி அஞ்சலகப் பேமெண்ட்ஸ் வங்கியில் கணக்குத் திறந்து கொடுத்திருப்பார், அதை மறந்தே போயிருப்போம், பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். "ஒரு வருஷமா வரல தம்பி" என்று சொன்ன வீட்டில் இப்படிப் பணத்தைக் கண்டுபிடித்த கதை உண்டு. வங்கிக்குப் போய், "ஆதார் எந்தக் கணக்குல சீட் ஆகியிருக்கு?" என்ற ஒரே கேள்வியைக் கேட்டால் போதும்.

"சரி தம்பி, எல்லாம் சரி பண்ணிட்டோம்னு வெச்சிக்கோ. இன்னா வரும்?"

இப்போதுதான் பணத்துக்கு வருகிறோம்.

கல்லூரிப் படிப்புக்கு இவளுக்குப் பொருந்தக்கூடியவை இரண்டு. ஒன்று மாநில அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுப்பது. இளங்கலைப் பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.12,000, முதுகலைக்கும் தொழிற்படிப்புக்கும் ரூ.14,000. சில வருஷங்களுக்கு முன்பு இதில் பாதிதான் இருந்தது. கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு திருவள்ளூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகிற விண்ணப்பம் இது.

இன்னொன்று மத்திய அரசின் மேல்நிலைக் கல்வி உதவித்தொகை. பிளஸ் ஒன் முதல் முதுகலை வரை. தேசியத் தளத்தில்தான் போட வேண்டும். பெற்றோர் வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. வீட்டிலிருந்து போய்வரும் பி.எஸ்சி. மாணவிக்குப் பராமரிப்புத் தொகை மாதம் ரூ.650, விடுதியில் இருந்தால் ரூ.1,000. புத்தகத்துக்கு ஆண்டுக்கு ரூ.1,500. குறைபாட்டுக்கான படி ஆண்டுக்கு ரூ.2,000, பார்வைக் குறைபாடும் அறிவுசார் குறைபாடும் உள்ளவர்களுக்கு அது ரூ.4,000. இது தவிர, கட்டிய கட்டணத்தை ஓர் உச்சவரம்புக்குள் திருப்பித் தருவார்கள்.

ஒரு சிகரெட் அட்டையைக் கிழித்து அதன் பின்புறம் கணக்குப் போட்டோம். பன்னிரண்டு மாதமும் 650 வந்தாலும் 7,800. அதோடு 1,500, அதோடு 2,000. மொத்தம் 11,300. மாநிலத் தொகை 12,000. அரசுக் கல்லூரியில் கட்டணமே சொற்பம் என்பதால், திருப்பித் தருகிற கட்டணமும் சொற்பம். கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்றால், மத்திய திட்டத்தில் நாடு முழுவதற்கும் 17,000 இடங்கள். அதில் பாதி மாணவிகளுக்கு. மாநிலவாரியாகப் பிரித்து மதிப்பெண் பார்த்து எடுப்பார்கள். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அரசுக் கலைக் கல்லூரிக்கு வீட்டிலிருந்து போய்வருகிற பெண்ணுக்கு மாநிலத் தொகையை உறுதி செய்துகொள்வது புத்திசாலித்தனம் என்பது என் கட்சி. விடுதியில் தங்கிப் படித்தால் கணக்கு மாறும்: 12,000, 1,500, 2,000, ஆக 15,500. அப்போது மத்திய திட்டத்தைத் துணிந்து முயன்று பார்க்கலாம்.

"ரெண்டையும் போட்டா இன்னா சார்?" மகள் அப்போதுதான் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

நல்ல கேள்வி. பெரும்பாலான விண்ணப்பங்களின் அடியில், "வேறு எந்த உதவித்தொகையும் பெறவில்லை" என்று ஓர் உறுதிமொழி இருக்கும். படிக்காமல் டிக் அடித்துவிட்டு இரண்டிலும் வாங்கினால், பிறகு ஒன்றைத் திருப்பிக் கட்டச் சொல்லும் நிலை வரலாம். கிடைக்குமா கிடைக்காதா என்று தெரியாத நேரத்தில் இரண்டுக்கு முயல்வது வேறு, இரண்டையும் வாங்கிக்கொள்வது வேறு. ஒன்று உறுதியானதும் இன்னொன்றை எழுத்தில் விட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

ஆனால் இதில் ஒரு விலக்கு உண்டு, அதைப் பலரும் தவற விடுகிறார்கள். புதுமைப் பெண் திட்டம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரி சேர்ந்தால் மாதம் ரூ.1,000. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. வேறு உதவித்தொகை வாங்குகிற பெண்களும் இதை வாங்கலாம். பையன்களுக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று அதே தொகையில் வந்தது. இது மாற்றுத்திறனாளி என்பதற்காக வரும் பணம் இல்லை, அரசுப் பள்ளியில் படித்ததற்காக வருவது. இப்படிப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்: இந்தப் பெண் மாற்றுத்திறனாளி, அரசுப் பள்ளி மாணவி, மிகப் பிற்படுத்தப்பட்ட மீனவச் சமூகம், வீட்டில் முதல் பட்டதாரி, அப்பா மீனவர் நல வாரியத்தில் உறுப்பினர். ஐந்தும் ஐந்து கதவு. மாற்றுத்திறனாளிகள் நலத்துறைக் கதவை மட்டுமே தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. எது எதோடு ஒத்துப்போகும் என்று மட்டும் கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும். அப்பாவின் வாரிய அட்டை புதுப்பித்திருக்கிறதா என்று கேட்டேன். அக்கா பதில் சொல்லவில்லை. அதையும் தாளில் எழுதிக்கொண்டோம்.

இவ்வளவையும் பக்கத்து பெஞ்சிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் நகர்ந்து வந்தார். அவருடைய தம்பி மகன் பிளஸ் ஒன். இரண்டு காதும் மந்தம், மெஷின் வைத்திருக்கிறான், இன்ஜினியரிங் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான்.

அவனுக்குக் கணக்கே வேறு. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு கொடுக்கும் சக்ஷம் உதவித்தொகை ஆண்டுக்கு ரூ.50,000. பட்டப்படிப்புக்கு நான்கு வருஷம் வரை, டிப்ளமோவுக்கு மூன்று வருஷம் வரை. குடும்ப வருமானம் எட்டு லட்சம் வரை இருக்கலாம், அதனால் மீனவர் வீடு மட்டுமல்ல, சம்பளக்காரர் வீடும் உள்ளே வரும். 40 சதவீதம் இருக்க வேண்டும், சேருகிற கல்லூரிக்கு அந்தக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். முதலாண்டில் சேர்ந்தவர்களும், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் நுழைகிறவர்களும் போடலாம். இதுவும் தேசியத் தளம்தான். பாலிடெக்னிக் போகிற பிள்ளைகளுக்கும் இது உண்டு என்பது இந்தப் பக்கம் பலருக்குத் தெரிவதில்லை. இன்ஜினியரிங் என்றால்தான் ஸ்காலர்ஷிப் என்று நினைத்துக்கொண்டு டிப்ளமோ பையன்கள் கேட்பதே இல்லை.

அவனுக்குப் பணத்துக்கு முன்னால் இடம் இருக்கிறது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீதத்துக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது 2016 சட்டத்தின் 32ஆவது பிரிவு. வயது வரம்பிலும் ஐந்து வருஷம் தளர்வு. பொறியியல் கலந்தாய்வில் இந்தச் சிறப்புப் பிரிவைப் பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே கூப்பிட்டுவிடுவார்கள், அரசுக் கலைக் கல்லூரிகளிலும் அப்படித்தான். அந்த நாளில் கையில் செல்லுபடியாகும் அட்டை இல்லாவிட்டால் வரிசை கலைந்துவிடும். அரசுப் பள்ளி மாணவர் என்றால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு தனி. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே கட்டிவிடும். இந்தப் பையனும் அரசுப் பள்ளிதான் என்றால் இரண்டு வழியும் திறந்திருக்கும்.

"அப்போ அவன் இப்பவே அட்டை எடுக்கணும்."

"இப்பவே. பிளஸ் டூ ரிசல்ட் வந்து எடுக்கலாம்னு நினைச்சா முடிஞ்சிது."

காது கேளாத பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயமும் சொன்னேன். சென்னை மாநிலக் கல்லூரியில் 2007 முதல் செவித்திறன் குறைந்தவர்களுக்கென்றே பி.காம்., பி.சி.ஏ. வகுப்புகள் நடக்கின்றன. பாடம் சைகை மொழியில். எல்லோருக்கும் இன்ஜினியரிங்தான் என்று இல்லை. பார்வையற்றவர்களுக்கு மாநில அரசின் வாசிப்பாளர் உதவித்தொகை தனியாக உண்டு, இளங்கலைக்கு ஆண்டுக்கு ரூ.5,000. புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் வைத்துக்கொள்ளத்தான் அந்தப் பணம். முதுகலை முடித்து பி.எச்டி. போகிறவர்களுக்குத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகை, ஐ.ஐ.டி. போன்ற பெரிய நிறுவனங்களில் இடம் பிடித்தவர்களுக்கு உயர்தரக் கல்வி உதவித்தொகை என்றெல்லாம் மேலே போகப் போக இருக்கிறது. அந்த நிலைக்கு வந்தவர்களுக்கு வழிகாட்ட ஆள் கிடைத்துவிடும். முதல் வருஷம்தான் ஆளில்லாத வருஷம்.

தனியார் அறக்கட்டளைகளையும் ஒதுக்க வேண்டாம். சரோஜினி தாமோதரன் அறக்கட்டளையின் வித்யாதன் பத்தாம் வகுப்பு முடித்தவுடன் விண்ணப்பிக்க வேண்டியது. பொதுவாக மதிப்பெண் அதிகம் கேட்பார்கள், மாற்றுத்திறனாளிகளுக்கு 75 சதவீதம் வரை தளர்த்துகிறார்கள். பிள்ளை நன்றாகப் படித்தால் பட்டப்படிப்புக்கும் தொடரும். அகரம் அறக்கட்டளை 2010 முதல் விதைத் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறது. இவர்கள் வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள், அதனால் விண்ணப்பத்தில் ஜோடனை எழுத வேண்டியதில்லை. உள்ளதை எழுதினால் போதும். யாராவது போன் போட்டு "உங்க பொண்ணுக்கு ஸ்காலர்ஷிப் சாங்ஷன் ஆயிடுச்சு, ஓடிபி சொல்லுங்க" என்றால், அது அறக்கட்டளையும் இல்லை, அரசும் இல்லை.

அக்காவுக்கு ஒரு கோபம் இருந்தது. அது நியாயமான கோபம். "கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கோன்னு சொல்றாங்க. கட்டறதுக்குத்தான தம்பி கேக்கறோம்?" கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஏரியிலோ முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் தண்ணீர் ஏறி இறங்காது, இறால் வராது. கல்லூரி சேர்க்கையும் முதல் கட்டணமும் அந்த வறட்சி மாதங்களில்தான் வந்து நிற்கின்றன. உதவித்தொகை வருவதோ படிப்பு பாதி ஓடிய பிறகு. சில வருஷம் அடுத்த வருஷத்தில். இடையில் வட்டிக்காரரும் நகை அடகும்தான். திட்டம் போடுகிறவர்கள் இதைத் தெரியாதவர்கள் இல்லை, மாதச் சம்பளம் வாங்கும் வீட்டை மனதில் வைத்துத் தேதி போடுகிறார்கள். இங்கிலாந்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான படி என்று ஒன்று உண்டு. அதற்குக் குடும்ப வருமானத்தையே பார்ப்பதில்லை. குறிப்பெடுக்க ஆள் வேண்டுமா, மென்பொருள் வேண்டுமா, டாக்சி வேண்டுமா என்று மாணவரின் தேவையை மதிப்பிட்டு அதற்குக் கொடுக்கிறார்கள். நம்மிடம் படிக்கிற வகுப்பைப் பார்த்து ஒரே தொகை. காலிப்பரோடு காட்டூரிலிருந்து பொன்னேரிக்குப் போகிறவளுக்கும், கல்லூரிக்கு எதிர்வீட்டில் இருக்கிறவளுக்கும் அதே 12,000.

போக்குவரத்தில் மட்டும் கொஞ்சம் ஆறுதல். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் ஒருவருக்கும் 2021 முதல் டிக்கெட் இல்லை. பெண்களுக்கு எப்படியும் இலவசம் என்பதால் அக்கா இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அவங்கப்பா கூடப் போனா அவருக்கும் இல்ல" என்றதும்தான் நிமிர்ந்தார்.

இனி வருமானச் சான்று. இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டிப் போடுவது. வி.ஏ.ஓ. விசாரிப்பார், தாசில்தார் அலுவலகத்திலிருந்து வரும். மீன்பிடியில் வருமானம் இவ்வளவு என்று எப்படிச் சொல்வது என்று எல்லோரும் தடுமாறுகிறார்கள். தடுமாறத் தேவையில்லை. நல்ல மாதம், கெட்ட மாதம், தடை மாதம் என்று வருஷத்துக்கு மொத்தமாகச் சொன்னால் போதும். ஒரு பாடு நன்றாகப் பட்ட வாரத்தை 52ஆல் பெருக்கிவிடக் கூடாது.

கடைசியாக, விண்ணப்பம் போட்டவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம். கணினி மையத்தில் 'சப்மிட்' ஆனதும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வேலை முடியவில்லை. அந்த விண்ணப்பம் கல்லூரியின் கணினிக்குப் போய் நிற்கும். உதவித்தொகைக்கென்று பொறுப்பு வைத்திருக்கும் அலுவலர் அதைத் திறந்து, சான்றுகளைச் சரிபார்த்து, மேலே அனுப்ப வேண்டும். அவர் அனுப்பாவிட்டால் டெல்லிக்கு அது தெரியவே தெரியாது. குறை இருந்தால் திருப்பி அனுப்புவார்; அந்தச் செய்தி பதிவு செய்த போனுக்கு வரும். போன் யாருடையது? கணினி மையக்காரர் தன் நம்பரைப் போட்டிருப்பார். அல்லது அப்பா நம்பர், அப்பா ஏரியில். திருத்தம் செய்யக் கொடுத்த நாள்கள் அப்படியே கழிந்துவிடும். மாணவருக்கு ஒரு கடைசித் தேதி, கல்லூரிக்கு இன்னொரு கடைசித் தேதி என்று இரண்டு இருப்பதும் பலருக்குத் தெரியாது.

அதனால் பிரிண்டை எடுத்துக்கொண்டு அந்த வாரமே கல்லூரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். போனஃபைடு, பாஸ்புக் நகல், அட்டை நகல், வருமானச் சான்று எல்லாவற்றையும் ஒரே கவரில் வைத்து, மேலே பெயர், வகுப்பு, விண்ணப்ப எண் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்துக் கேட்க வேண்டும். பொறுப்பு அலுவலரும் பெரும்பாலும் பாடம் நடத்துகிற ஆசிரியர்தான், இது அவருக்குக் கூடுதல் சுமை. முந்நூறு விண்ணப்பத்தில் ஒன்றாக இருப்பதைவிட, நேரில் வந்து ஒரு முறை முகம் காட்டிய மாணவியாக இருப்பது நல்லது. நச்சரிக்கிறாள் என்று நினைப்பார்களோ என்று மகள் தயங்கினாள். நினைத்தால் நினைக்கட்டும். பத்து நாள் கழித்துத் தளத்தில் நிலையைப் பார்த்து, இன்னும் கல்லூரியிலேயே நின்றால் மறுபடியும் போக வேண்டியதுதான்.

"அடுத்த வருஷம் தானா வந்துடும்ல சார்?"

வராது. ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வேண்டும். புதிய விண்ணப்பம் போடக் கூடாது, பழைய எண்ணிலேயே 'ரினூவல்' போட வேண்டும். புதிதாகப் போட்டால் இரட்டைப் பதிவு என்று தள்ளிவிடும். போன வருஷத்து மதிப்பெண், அடுத்த வகுப்புக்குப் போன விவரம், இந்த வருஷத்து வருமானச் சான்று இவை வேண்டும். அரியர் விழுந்தால் தளத்தில் தொடும் முன் கல்லூரிப் பிரிவில் கேட்டுவிட்டு நிரப்ப வேண்டும். அரியரை மறைத்து ஒரு மதிப்பெண்ணைப் போட்டுவிட்டால் பிறகு அதைச் சரிசெய்ய யாராலும் முடியாது. மாநிலத் தொகைக்கும் வருஷா வருஷம் படிவம் உண்டு. முதல் வருஷம் எடுத்த நகல்களை அந்த பிளாஸ்டிக் கவரிலேயே விட்டுவைத்தால், இரண்டாம் வருஷம் பாதி வேலை முடிந்திருக்கும். வருமானச் சான்று மட்டும் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். அதை ஜூனிலேயே எடுத்துவிடச் சொன்னேன். ஆகஸ்டில் இ-சேவை மையத்தில் எல்லாக் கல்லூரிப் பிள்ளைகளும் ஒரே நாளில் வந்து நிற்பார்கள்.